காலண்டர் லட்சுமி வேடம் போட்டால் அது அரசியலா?

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 19

"பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா லட்சுமி வேடத்திலும் வேளாங்கண்ணி மாதா வேடத்திலும் நின்று படம் எடுத்து வைத்திருக்கிறார். இதை அரசியல் கலை என்று கொண்டாடுகிறார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற படத்தை எடுத்துக் கேலரியில் மாட்டி, ஏசி ரூமில் நிற்பவர்களுக்குச் சிரிப்புக் காட்டுவதில் என்ன அரசியல் இருக்கிறது? வட சென்னையில் தெருவுக்கு நாலு பேனர் இதைவிட ஜோராக இருக்கும். அதை யாரும் கலை என்று சொல்வதில்லையே."

ஆகஸ்ட் 19, இரவு

கேலி என்று எனக்குப் படவில்லை. ஏன் என்று சொல்ல நிறைய எழுத வேண்டும். இன்று கொஞ்சம், மீதி பிறகு.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை செய்கிறேன். பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, ஆடி மாதக் கூழ், கட்சிக் கூட்டம், எதுவாக இருந்தாலும் எங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகும். புஷ்பமாலா எடுத்துக்கொண்ட சரக்கு தினமும் என் கையில் புரள்கிற சரக்கு. அதனால்தான் அவர் படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. நம்மை யாரோ பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

தெரியாதவர்களுக்காக: புஷ்பமாலா என். 1956-ல் பெங்களூரில் பிறந்தவர். பரோடாவில் சிற்பம் படித்தவர். 1990களின் நடுவில் களிமண்ணை விட்டுவிட்டுத் தானே கேமரா முன்னால் நிற்க ஆரம்பித்தார். நீங்கள் சொல்லும் படங்கள் 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னி என்ற போட்டோகிராபரோடு சேர்ந்து செய்த பெரிய தொடரில் வருகின்றன. தொடரின் பெயரைத் தமிழில் 'தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்' என்று சொல்லலாம். அதில் நடுநாயகமாகப் பத்துப் படங்கள். ரவி வர்மாவின் லட்சுமி, ரவி வர்மாவின் நிலவொளிப் பெண், பிஜாப்பூர் ஓவியத்து யோகினி, வேளாங்கண்ணி மாதா, தோடர் இனப் பெண், சர்க்கஸ்காரி, செய்தித்தாளில் வந்த கைதான பெண்கள், சாட்டையைச் சுழற்றும் தமிழ் சினிமா கதாநாயகி. இப்படிப் போகும். எல்லாவற்றிலும் அதே முகம். புஷ்பமாலாவின் முகம்.

கேள்வி கேட்டவர் லட்சுமியையும் மாதாவையும் மட்டும் சொல்லியிருக்கிறார். கைதான பெண்ணையும் அதே வரிசையில் வைத்துப் பாருங்கள். என் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 20

தலைப்பு ஏன் அப்படிப் பழைய வெள்ளைக்காரன் புத்தகம் போல இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டுமென்றே வைத்ததுதான். 1868-லிருந்து 1875 வரை இந்திய மக்களை வகை வகையாகப் படம்பிடித்து எட்டுத் தொகுதிகள் போட்டார்கள். நம் ஊரிலேயே எழும்பூர் மியூசியத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி சாதியாக மக்களை நிறுத்தி மூக்கின் நீளமும் அகலமும் தலையின் சுற்றளவும் எடுத்தார். 1909-ல் அவருடைய ஏழு தொகுதிகள் வந்தன. இன்றைக்கும் சாதிச் சங்கத்துக்காரர்கள் பெருமைக்கு அதிலிருந்து மேற்கோள் எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வருகிறார்கள். பேனரில் போடச் சொல்லி.

ஆளை அளக்க இன்னொரு வழியும் இருந்தது. பட்டு நூலால் கட்டம் கட்டிய ஒரு சட்டத்துக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுத்தால் பிறகு கட்டத்தை எண்ணி உடம்பை அளந்துகொள்ளலாம். லாம்ப்ரே என்பவர் 1869-ல் சொன்ன முறை. அந்தமானில் இருந்த வெள்ளை அதிகாரிகளும் கட்டம் போட்ட திரை முன்னால் அங்குள்ள மக்களை நிறுத்தி எடுத்தார்கள். புஷ்பமாலா தொடரில் ஒரு பகுதி முழுக்க இதுதான். கட்டம் போட்ட திரைக்கு முன்னால் அவர் நிற்கிறார், அளவு எடுக்கிறார்கள். எந்தப் பெண்ணும் அப்படி விரும்பி நின்றிருக்க மாட்டாள் என்பது, ஒருவர் விரும்பி நிற்கிறபோதுதான் உறைக்கிறது.

இதற்கு நடுவில் ஒன்று. புஷ்பமாலாவும் கிளேர் ஆர்னியும் இருவருமே பெண்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் பிரிட்டனில் பிறந்தவர். யார் கேமராவைப் பிடிக்கிறார், யார் நிற்கிறார் என்பதும் அந்தப் பழைய கதையோடு சேர்த்துத் திட்டமிட்டதுதான்.

ஆகஸ்ட் 22

இன்று மெட்ராஸ் டே. காலையிலிருந்து போனைத் திறந்தால் நேப்பியர் பாலம், சென்ட்ரல், எல்ஐசி. வட சென்னைக்கு என்று ஒதுக்கிய படம் எது தெரியுமா? கூடையோடு ஒரு மீன்காரம்மா, கறுப்பு வெள்ளையில், முகத்துச் சுருக்கம் தெரியக் கிட்டத்தில் எடுத்தது. கீழே "உழைக்கும் மக்களின் உயிர்த்துடிப்பு" என்று ஏதோ எழுதியிருக்கும்.

என் ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர். அவரை இப்படி எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. யாரும் ஒரு காப்பி கொண்டுவந்து கொடுத்ததில்லை. அந்தப் படம் எங்கே தொங்குகிறது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சினிமாவில் நாங்கள் இன்னும் மோசம். வட சென்னைப் பெண் என்றால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் கத்த வேண்டும். இல்லாவிட்டால் ரவுடியின் மனைவியாகத் தலையை விரித்துப்போட்டு ஜிஎச் வாசலில் அழ வேண்டும். அச்சு ஏற்கெனவே இருக்கிறது, ஆளை ஊற்றுவதுதான் பாக்கி. புஷ்பமாலா தானே இறங்கி அந்த அச்சுக்குள் நிற்கிறார். அப்போது ஆளுக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கிற சந்து தெரிகிறது. லட்சுமியின் கூடுதல் கைகள் ஒட்டுவேலை என்று தெரிகிறது. குளமும் வானமும் யாரோ வரைந்த படுதா என்று தெரிகிறது. முகம் மட்டும் வயதுள்ள, யோசிக்கிற ஒரு நிஜப் பெண்ணின் முகம். ரவி வர்மா லட்சுமிக்கு அந்த முகம் கிடையாது.

ஆகஸ்ட் 22, இரவு

ஒரு பேனர் எப்படி உருவாகிறது என்று வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், சொல்கிறேன்.

பையன்கள் நாலைந்து பேராக வருவார்கள். போனில் இருக்கும் போட்டோவை அனுப்புவார்கள். பெரும்பாலும் யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது, தோளில் இன்னொருவன் கை இருக்கும். முதலில் அந்தக் கையை வெட்ட வேண்டும். அப்புறம் பின்னணியை எடுத்துவிட்டு ஆளை மட்டும் நிறுத்துவேன். அடுத்து எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒன்று: "அக்கா, மூஞ்சி கொஞ்சம் கலர் ஏத்துங்க." ஏற்றுவேன். பிறகு சிங்கம், மேகம், தங்க நிறத்தில் எழுத்து, பின்னால் ஒளிவட்டம். மேலே தலைவர்கள் முகம், ஸ்டாம்பு அளவில் வரிசையாக. அந்த வரிசையில்தான் உயிர் போகும். யார் முதலில், யார் பெரிசு, யார் யாருக்குப் பக்கத்தில் என்பதற்கு மூன்று முறை திருத்தம் வரும். ஒரு முகம் அரை அங்குலம் சின்னதாகப் போனால் சண்டை. கீழே 'இவண்' போட்டுப் பத்துப் பதினைந்து பையன்கள், எல்லோருக்கும் கூலிங்கிளாஸ். ரோலில் அடித்து, ஓரத்தை மடித்து ஒட்டி, கண் போட்டு, சவுக்குச் சட்டத்தில் அடித்தால் வேலை முடிந்தது.

அரசியல் இல்லாமலா இது? யாருக்கு எவ்வளவு பெரிய முகம் என்பதுதான் மொத்த அரசியலும். ஆனால் அந்தப் பேனர் தன்னைத்தானே கேள்வி கேட்காது, கேட்கக்கூடாது. கேட்டால் பையன் காசு கொடுக்க மாட்டான். புஷ்பமாலா செய்வது அந்த மிச்ச வேலை. இரண்டுக்கும் சரக்கு ஒன்று, நோக்கம் வேறு. அதனால் "பேனர் இதைவிட ஜோர்" என்று கேள்வி கேட்டவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஜோர்தான். எங்கள் வேலையைக் கலை என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவேன்.

ஆகஸ்ட் 24

கைதான பெண்கள் படத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

என் தம்பியை ஒருநாள் இரவு தெருமுனையில் நிறுத்தினார்கள். கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு. அப்புறம் டார்ச் அடித்துப் போனில் ஒரு போட்டோ. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அந்தப் போட்டோ எந்தப் பட்டியலில் போய் உட்கார்ந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

அதற்குப் பிறகு வந்த அவன் பிறந்தநாளுக்குக் கூட்டாளிகள் பேனர் வைத்தார்கள். நான்தான் செய்தேன். சிங்கம், கிரீடம் எல்லாம் வைத்தேன். அதே முகம். ஒரு படத்தில் சந்தேகத்துக்குரிய நபர், ஒரு படத்தில் ராஜா. இரண்டுமே அவன் கிடையாது. அவன் டூவீலர் மெக்கானிக்.

இதை வைத்துக்கொண்டு புஷ்பமாலாவின் பத்துப் படங்களையும் பாருங்கள். ஒரே பெண். தாமரைமேல் நிறுத்தினால் கும்பிடுகிறோம். போலீஸ் நிறுத்தினால் திருடி என்கிறோம். கட்டம் போட்ட திரை முன்னால் நிறுத்தினால் ஆதிவாசி என்று எழுதிவைக்கிறோம். மாறியது உடுப்பும் லைட்டும் நிறுத்தியவரும்தான். நூறு பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை, சுவரில் அடுத்தடுத்து மாட்டிச் சொல்லிவிடுகிறார். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் நம் மாகாணத்தில் 1947 வரை இருந்தது. பிறக்கும்போதே குற்றவாளி என்று சட்டமே சொன்னது. அந்தக் கண்தான் இன்னும் டார்ச் அடிக்கிறது.

ஆகஸ்ட் 25

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் நியாயமாகக் கேட்டிருக்கிறார்: "புஷ்பமாலா சாயங்காலம் மேக்கப்பைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தச் செய்தித்தாள் படத்தில் நின்ற பெண்கள்?"

இதே கேள்வி எனக்கும் உண்டு. ரவி வர்மா படத்துக்கு ரவி வர்மா பெயர் இருக்கிறது. யோகினிக்கு பிஜாப்பூர் என்ற ஊரும் நூற்றாண்டும் இருக்கிறது. சாட்டை வைத்த கதாநாயகி யார் என்று ஊருக்கே தெரியும். கைதான பெண்களுக்கு மட்டும் பெயர் இல்லை. முதல் படத்திலும் பெயர் இல்லாமல் நின்றார்கள், இரண்டாவது படத்திலும் அப்படித்தான். வேண்டியபோது வேடத்தைக் கலைக்க முடிகிறவருக்குத்தான் வேடம் விளையாட்டு.

இதற்குப் பதில் என்று ஒன்றை வலிந்து எழுத மாட்டேன். தொடரின் கடைசிப் பகுதியில் மேக்கப் போடுவது, லைட் கட்டுவது, படுதாவைத் தூக்கி நிறுத்துவது எல்லாவற்றையும் படங்களாகக் காட்டுகிறார்கள். அதாவது 'நாங்கள் நடிக்கிறோம்' என்பதை ஒளிக்கவில்லை. அது நேர்மை. ஆனால் அந்த நேர்மையால் அந்தப் பெண்களுக்குப் பெயர் கிடைத்துவிடவில்லை.

ஆகஸ்ட் 27

சாட்டைப் படம் பற்றிக் கேட்டவர்களுக்கு. அது ஜெயலலிதா நடித்த காலத்து ஸ்டில் ஒன்றை வைத்து எடுத்தது. புஷ்பமாலா அதைச் செய்த வருடங்களில் அவர் மறுபடியும் முதலமைச்சர். பிறகு 2015 இடைத்தேர்தலிலும் 2016 பொதுத்தேர்தலிலும் எங்கள் பக்கத்து ஆர்.கே. நகரில்தான் நின்று ஜெயித்தார். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை முழுக்க அவர் முகம். சிரிக்கும் முகம், கும்பிடும் முகம், கைகாட்டும் முகம். எங்கேயும் சாட்டை கிடையாது. கருணை மட்டும்தான்.

எனக்கு அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் பிடிக்கும். சினிமாவில் ஒரு பெண் சாட்டை எடுத்தால் விசில் அடிக்கிறோம். அவளே அதிகாரத்துக்கு வந்ததும் சாட்டையைப் பிடுங்கிவிட்டு 'அம்மா' ஆக்கினால்தான் நமக்கு நிம்மதி. அவர் பயன்படுத்திக்கொண்டாரா, நாம் அப்படி ஆக்கினோமா என்று கடையில் பல நாள் பேசியிருக்கிறோம். இரண்டும்தான் என்பது என் கட்சி.

1990களில் அவரை மாதாவாகவே வரைந்து வைத்து, கிறிஸ்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த கதை பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாதா வேடம் தப்பு என்கிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புஷ்பமாலா யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29

இன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் கொடியேற்றம். ராயபுரத்திலிருந்து காவி உடை போட்டுக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டார்கள். நேற்று முழுக்க மாதா பேனர்தான். நீர்மோர்ப் பந்தலுக்கு இத்தனை, நடைபயணக் குழுவுக்கு இத்தனை என்று கை ஒடிந்துவிட்டது.

அந்த வேலைக்கு நடுவில் புஷ்பமாலாவின் மாதா படத்தை ஆயாவிடம் காட்டினேன். கிரீடம், புடவை, கையில் குழந்தை. திட்டுவார் என்றுதான் நினைத்தேன். போனை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"மாதா வேசம் யார் கட்டியிருக்கா?"

பெங்களூர்ப் பொம்பளை ஒருத்தங்க, போட்டோவுக்காக என்றேன்.

"பாஸ்காவுக்கு நானும் மாதா வேசம் கட்டியிருக்கேன். சிலுவை வரும்போது அழணும். அழுகையே வரலை, பின்னாடி நின்னு எங்க அண்ணன் கிள்ளினான்." இன்னொரு முறை பார்த்தார். "இவங்க நல்லா நின்னிருக்காங்க. கிரீடம் கொஞ்சம் பெரிசு."

அவ்வளவுதான். ஆயாவுக்கு அது அவமரியாதையாகத் தெரியவே இல்லை. பெரிய வெள்ளிக்குப் பாஸ்கா நாடகம் போடுகிற தெருவில் யாராவது ஒருவர் மாதா ஆகித்தான் ஆக வேண்டும். மாசியில் மயானக் கொள்ளை வந்தால் பக்கத்துத் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் முகத்தில் பச்சை பூசிக்கொண்டு அங்காளம்மன் ஆகிவிடுவார். அவர் காலில் விழுகிறவர்கள் மறுநாள் அவரிடம் மீட்டர் பேரம் பேசுவார்கள். வேடம் போட்டால் சாமி கெட்டுவிடும் என்ற பேச்சு எங்கள் பக்கம் கிடையாது. கேலரிக்குள் பார்த்தால்தான் அது கேலியாகத் தெரிகிறதோ என்று இப்போது யோசிக்கிறேன். சாமியும் வேடமும் சேர்ந்தே இருக்க முடியும் என்று தெருவுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 31

வியாசர்பாடித் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். "அக்கா, எங்களுக்கு இதெல்லாம் கானாதான். அதில் இல்லாத அரசியலா?" என்று. சத்தியமான பேச்சு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் முதல் கச்சேரி. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கிய கானாவை மேடையில் ஏற்றி இடஒதுக்கீட்டையும் சாதியையும் பாடினார்கள். எல்லோரும் கோட்டு சூட்டு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் வியாசர்பாடிக்காரனுக்கு யார் ஞாபகம் வருவார் என்று சொல்லத் தேவையில்லை. நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். நம் சுவர்களில் அதிகம் வரைந்த உருவம் அதுதான். உடுப்பு அரசியல் என்று வடக்குப் பக்கத்துக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இவர் ஒருவர்தானா, வேறு யாராவது இப்படிச் செய்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறார். மும்பையின் அதுல் டோடியா கடை ஷட்டர்மேல் படம் வரைந்தவர். ஒரு ஷட்டரில் காலண்டர் மகாலட்சுமி. தூக்கினால் உள்ளே வரதட்சணைப் பிரச்சினையில் தூக்கு மாட்டிக்கொண்ட சகோதரிகள். ஷட்டர் என்பதால் பார்க்கிறவர் கையால்தான் லட்சுமி மேலே போக வேண்டும். தினமும் காலையில் ஷட்டர் தூக்குகிறவள் நான், இதைப் படித்த பிறகு கொஞ்ச நாள் கை கூசியது.

செப்டம்பர் 2

கேலரிக்கு நாம் போக மாட்டோம் என்கிற பேச்சு பல பேரிடம் இருக்கிறது. 2019-ல் சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படக் கண்காட்சித் திருவிழா நடந்ததே, அதைத் தொகுத்தவரே புஷ்பமாலாதான். சேப்பாக்கம் செனட் ஹவுஸ் உட்பட ஊரில் பல இடங்களில் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. டிக்கெட் கிடையாது. ஒரு பழைய சீனக் கதையிலிருந்து அதற்குப் பெயர் வைத்திருந்தார். கண்ணாடிக்குள் இருக்கும் உயிர்கள் நம்மைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும் என்று பழங்காலத்தில் ஒரு சக்கரவர்த்தி தண்டனை போட்டாராம். ஒருநாள் அவை நம்மைப் போலச் செய்வதை நிறுத்திவிடும் என்பது கதை.

செனட் ஹவுஸுக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. பீச்சுக்குப் போகும்போது வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே போகவிட மாட்டார்கள் என்ற எண்ணத்தோடேயே வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். யாரும் தடுக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், படம் எப்படி என்ற கேள்வி மாதிரியே, எந்த வாசல் வழியாக யார் உள்ளே போகிறார்கள் என்பதும் கலையைப் பற்றிய கேள்விதான். புஷ்பமாலாவின் சுதேசிப் பெண்கள் வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் சுவருக்கு வந்தால் என் ஆயா மாதிரி ஆட்கள் கிரீடம் பெரிசு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த விமர்சனம் அவருக்கும் கிடைக்க வேண்டும்.

செப்டம்பர் 5

இன்று பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் நினைவு நாள். 2017-ல் இதே தேதியில் பெங்களூரில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

புஷ்பமாலா அடுத்த வருடம் அவருக்காக ஒன்று செய்தார். அதற்கு முன்பே பல வருடமாக அவர் பாரத மாதா வேடத்தை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார். பழைய அச்சுப் படங்களில் பாரத மாதா எப்படியெல்லாம் வந்தாள் என்று தேடி, ஒவ்வொன்றாகத் தானே நின்று எடுத்தார். கௌரிக்காகச் செய்ததில் அதே பாரத மாதா, அதே கிரீடம், கௌரியின் செய்முறைப்படி அவசரத்துக்கு வைக்கும் ஒரு சாறு சமைக்கிறாள். நம் பக்கத்து ரசம்தான்.

கொலை செய்தவர்களைப் பற்றி ஒரு வசனம் இல்லை. எல்லோரும் கோஷம் போடக் கூப்பிடுகிற தாய், செத்துப்போன பத்திரிகைக்காரியின் அடுப்பு வேலையைச் செய்கிறாள். காலண்டர் படம் அரசியல் ஆகுமா என்று முதலில் கேட்டாரே, அவர் இதற்கு என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை. இதைச் சிரிப்புக் காட்டுவது என்று அவராலும் சொல்ல முடியாது என்று நம்புகிறேன்.

செப்டம்பர் 6

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். சாறு விஷயம் தெரியாது, அது மனசைத் தொட்டது, ஆனால் லட்சுமி படம் இன்னும் பிடிக்கவில்லை என்கிறார். சரி. பிடிக்காமல் இருக்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

அவர் இன்னொன்றும் சொல்கிறார். காலண்டர் ஓவியர்களை யாரும் மதிக்கவில்லை, அவர்களை வைத்துப் பெயர் எடுத்தவர்களைத்தான் கொண்டாடுகிறோம் என்று. இதில் நான் முழுசாக அவர் பக்கம். கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், ரமணாசிரமத்தில் இருந்தார், அப்புறம் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதினார், கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான சாமிகள்தான் நம் வீட்டுச் சாமிகள். 1976-ல் இறந்தார். எங்கள் தெருவில் பத்து வீட்டில் அவர் கைபட்ட முருகன் இருப்பார், ஒரு வீட்டிலும் அவர் பெயர் தெரியாது.

சினிமா பேனர் எழுதியவர்கள் கதையும் அதுதான். பிளெக்ஸ் வந்ததும் அவர்கள் வேலை போனது. அந்த பிளெக்ஸில்தான் நான் சாப்பிடுகிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் செத்தபோது எங்கள் கடைக்கும் வேலை நின்றது. யாரும் வருத்தப்பட முடியாது, நின்றிருக்கத்தான் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்துவிட்டது.

செப்டம்பர் 8

தம்பி ஒருவர், "இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்களே செய்யலாமே" என்று எழுதியிருந்தார். கடையில் இதைப் பற்றி இரண்டு நாளாகப் பேச்சு.

எண்ணம் இது. சினிமாவிலும் போஸ்டரிலும் வந்த வட சென்னைப் பெண்களை வரிசையாக எடுத்துக்கொள்வது. சண்டைக்காரி, ரவுடி மனைவி, கஞ்சா விற்கும் கிழவி, ஹீரோவைப் பார்த்ததும் திருந்துகிறவள், மெட்ராஸ் டே மீன்காரம்மா. எல்லாவற்றுக்கும் எங்கள் தெருப் பெண்களே நிற்பது. புஷ்பமாலா மாதிரி ஒரே முகம் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நிற்கிறவர் பெயரும் செய்கிற வேலையும் அவரவர் சொன்ன மாதிரி பெரிய எழுத்தில் வர வேண்டும். அந்தக் கைதான பெண்கள் படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் மனசில் இருக்கிற குறை அது. மீன்காரம்மாவாக நிற்க ஆயா ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, கலர் போட்டோவாக இருக்க வேண்டும், ஒரு காப்பி வீட்டுக்கு வர வேண்டும்.

பின்னணியை நான் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம். ஆனால் அது வேண்டாம் என்று முடிவு. துணியில் கையால் எழுதிய படுதாதான் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி, காசிமேடு ஹார்பர், பின்னால் விசைப்படகுகள், மேலே நாடகத்துக்குப் போடுகிற மாதிரி மேகம். பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட் யாராவது தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் பக்கம் இன்னும் எழுதுகிறவர் இருந்தால் சொல்லுங்கள். கூலி அவர் சொல்வதுதான், பேரம் பேச மாட்டோம். படுதாவின் கீழ் மூலையில் அவர் கையெழுத்தும் இருக்க வேண்டும், பெரிசாக.